நிறம் மாறாத கவர்

பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிற பெண்களை நோயாளிகள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் நர்ஸ் படிப்புப் படித்தவர்கள் இல்லை. சூரமங்கலத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்த கிளினிக் அது. கண்ணாடிக் கதவில் "வேலைக்குப் பெண்கள் தேவை" என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். பிளஸ் டூ முடித்திருந்தேன், அவ்வளவுதான். நான்கு நாளில் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு பெரியவரின் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "வலிக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "வலிக்காதுங்க" என்றேன். அந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். ஏழு மணிக்கு பஸ் ஏறி, சேலத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, ஒன்பதரைக்கு கிளினிக்கில் இருக்க வேண்டும். கால் மணி நேரம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போச்சு. மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை கிளினிக் மூடியிருக்கும். உள்ளூர்க்காரர்களாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்து வரலாம். நான் எங்கே போவது? கொண்டுபோன சோற்றைத் தின்றுவிட்டு, காலையில் சேர்ந்த சாமான்களைக் கழுவுவேன். அந்த இரண்டரை மணி நேரம் வேலைக் கணக்கில் வராது. டாக்டருக்கு நாற்காலி உண்டு, நோயாளிக்கும் உண்டு. எங்களுக்குக் கால் இருந்தது.

சம்பளம் ஆறாயிரம். மார்க் ஷீட் ஒரிஜினலை முதல் நாளே வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார் டாக்டர். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக் கூடாதாம். காமாலைக்குத் தடுப்பூசி மூன்று தவணை போட வேண்டும், ரத்தத்தோடு புழங்குகிற வேலை என்று அவரே சொன்னார், முதல் தவணையை அவரே போட்டும் விட்டார். இரண்டாவது தவணையை நான் நினைவுபடுத்தியபோது "பார்க்கலாம்மா" என்றார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோதும் பார்க்கலாம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்காக அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். என் அம்மா ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறவர். அவருக்கு முன்பல் இரண்டு விழுந்தபோது டாக்டர் காசு வாங்காமல் கட்டிக்கொடுத்தார். நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைக்கிற சேரில் இரண்டாவதாக ஒன்று வாங்கிய கடன் டாக்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஒரு சேரில் ஊசி போட்டு மரத்துப்போக விட்டுவிட்டு, அடுத்த சேரில் பல்லை அடைப்பார். அவர் அப்படி மாறி மாறி ஓட, நாங்கள் அவருக்கு முன்னால் ஓட வேண்டும்.

நாங்கள் என்றால் முதலில் இரண்டு பேர். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னோடு இருந்தாள். அவள் ஜவுளிக் கடையில் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்று போய்விட்டாள். "ஆள் பார்க்கிறேன்" என்றார் டாக்டர். ஐந்து மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஐந்து மாதமும் இரண்டு சேருக்கும் நான் ஒருத்தி.

இப்போது அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கும் குறடு, கண்ணாடி, கொக்கி எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றையும் ஒரு கவருக்குள் போட்டு ஒட்டி, அந்தக் குக்கருக்குள் அடுக்குவோம். கவரில் ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக். ஓரத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி, ரோஸ் நிறத்தில் இருக்கும். ஆவியில் சரியாக வெந்தால் அது பழுப்பாக மாறும். மாறாவிட்டால் வேகவில்லை என்று அர்த்தம். சூடு ஆறிக் காய்ந்துவிட்டால் வேறு எதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, கவர் கவராகத்தான் இருக்கும். வெந்து காய்ந்து வெளியே வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கீழ்க் கடைவாய்ப் பல் பிடுங்குகிற குறடு எங்களிடம் இரண்டு இருந்தது. ஒன்று ரிப்பேருக்குப் போய் மூன்று மாதம். புதிது வாங்கலாமா சார் என்றால், பார்க்கலாம்.

அது ஒரு சனிக்கிழமை. காலையிலேயே படிக்கட்டு வரை கூட்டம். பதினோரு மணி வாக்கில் ஒரு லாரி டிரைவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். நான்தான் அவருடைய கார்டை எழுதினேன். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, காமாலை வந்திருக்கா என்று வரிசையாகக் கேட்பேன். "ரெண்டு வருசம் முன்னாடி மஞ்சக்காமாலை வந்துச்சுங்க சிஸ்டர். கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன், ஓடியே போயிருச்சு" என்றார். நானும் சிரித்துக்கொண்டே டிக் அடித்தேன். அவர் போனதும் குறட்டைக் கழுவினேன். துடைக்க நேரமில்லை. ஈரத்தோடு கவரில் போட்டு, மெஷினில் வைத்து, பட்டனை அழுத்திவிட்டு அடுத்த சேருக்கு ஓடினேன்.

பத்து நிமிஷத்தில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் சேருக்கும் விளக்குக்கும் தாங்கும், குக்கருக்குத் தாங்காது. கரண்ட் திரும்பி வந்தால் மெஷின் தானாக ஓடாது, மறுபடியும் முதலிலிருந்து பட்டனை அழுத்த வேண்டும். அந்த ஆத்தூர்ப் பெண் இருந்த காலத்தில் இரண்டு பேரில் ஒருத்தியாவது அதைப் போய்ப் பார்த்துவிடுவோம். அன்றைக்கு நான் ஒரு பையனின் வாயில் எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரண்ட் வந்தது எனக்குத் தெரியும். மெஷின் ஞாபகம் வரவில்லை.

பையன் முடிந்ததும் பக்கத்துச் சேருக்குப் போனோம். அங்கே ஒரு அக்கா இருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவருக்கு ரயில்வேயில் வேலை, ஸ்டேஷன் பக்கம் குவார்ட்டர்ஸில் வீடு. பிறந்த ஊர் திருச்செங்கோடாம், வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். நான் பக்கத்தில் போனதிலிருந்து என் கையை விடவில்லை. "புடிச்சுக்கோ சாமி, எனக்கு ஊசின்னாலே வவுத்தக் கலக்குது" என்றார். ஊசி போட்டு, உதடு மரத்து, டாக்டர் கீழ்க் கடைவாய்ப் பல்லை நெம்பி ஆட்டிவிட்டார். கையை நீட்டினார். குறடு தட்டில் இல்லை.

"எங்கம்மா கொறடு? எத்தனை தடவை சொல்றது, பேஷண்ட் உட்காரும்போதே எடுத்து வைன்னு?"

ஓடினேன். மெஷினைத் திறந்தேன். வெந்த கவர் எடுக்கும்போது கை சுடும், மொடமொடவென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது, காகிதம் நமுத்திருந்தது. கைக்குத் தெரிந்தது. தலைக்கு அது போகவில்லை. போக நான் விடவில்லை என்பதுதான் நிஜம். வரும் வழியிலேயே கவரைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, குறட்டை டாக்டரிடம் நீட்டினேன். பல் வந்துவிட்டது, தையலும் போட்டாயிற்று. அந்த அக்கா என் கையை அழுத்திவிட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

மதியம் குப்பையைக் கட்டும்போது பை அடியில் கிழிந்து எல்லாம் தரையில் கொட்டிவிட்டது. சனியனே என்று திட்டிக்கொண்டே அள்ளினேன். அந்தக் கவர் கையில் வந்தது. அம்புக்குறி ரோஸ் நிறத்தில், கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கரண்ட். பட்டன். குறடு. லாரி டிரைவர். கீழாநெல்லி. கார்டை எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்து, என் டிக். டாக்டர் உள்ளறையில் டிபன் கேரியரைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் போய் நின்றேன். "என்னம்மா?" என்றார். முதுகுக்குப் பின்னால் மறைத்த கையில் கவர் இருந்தது. அவர் மேஜை டிராயரில் என் மார்க் ஷீட் இருந்தது.

"கிளவுஸ் தீர்ந்துபோச்சுங்க சார்" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார்.

அந்தக் கவரை நான் எறியவில்லை. மடித்து, பர்ஸில் ஜிப் வைத்த பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தூக்கிப் போட்டால் நடக்காதது மாதிரி ஆகிவிடும், அப்படி ஆக்கிவிட எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க அந்த அக்கா வந்தார். நான் முதலில் பார்த்தது அவர் கண்ணின் வெள்ளையைத்தான். விளக்கைத் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். "பல்லு வாய்க்குள்ளதான சாமி இருக்குது, கண்ணுல என்ன தேடற?" என்று சிரித்தார். அடுத்த மாதம் பல் கட்ட வந்தார். அப்போதும் பார்த்தேன். பிறகு வரவில்லை. கார்டில் விலாசம் இருந்தது. மதிய நேரத்தில், கிளினிக் மூடியிருக்கும் அந்தக் கணக்கில் வராத நேரத்தில், குவார்ட்டர்ஸ் தெரு வரை நடந்து போவேன். கொடியில் அவர் புடவை காய்ந்தால் நிம்மதி. காயாவிட்டால் மறுநாளும் போவேன்.

எந்நேரமும் அது என்னோடேயே இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது அவர் கண் வெள்ளையைப் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் கண்ணைப் பார்ப்பேன். அம்மா வீட்டில் குக்கர் வைத்தால் விசில் வரும் வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். "விசில எண்ண நான் இருக்கறேன், நீ போ" என்று அம்மா விரட்டுவார். நான் போக மாட்டேன்.

எட்டு மாதம் கழித்து வேலையை விட்டேன். மார்க் ஷீட்டுக்காக ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தேன். சேலத்திலேயே இன்னொரு பெரிய இடத்தில் சேர்ந்தேன். அங்கே சாமான் வேகவைப்பதற்கு என்றே தனி அறை, தனி ஆள், நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்து. உட்கார ஸ்டூல்கூட உண்டு. இப்படியும் செய்யலாம் என்பதைக் கண்ணால் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அங்கே சேர்ந்த பிறகும் லீவு நாளில் குவார்ட்டர்ஸ் தெருவுக்குப் போவதை நான் விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு நாள் எங்களைப் போன்ற பெண்களை உட்காரவைத்து ஒரு லேடி டாக்டர் பாடம் எடுத்தார். ரத்தத்தில் தொற்றுகிற காமாலை வகைகள் சிலருக்கு வெளியே தெரியாமலே உடம்புக்குள் பல வருஷம் இருக்கும், கண் மஞ்சளாக வேண்டும் என்ற அவசியம் இல்லை என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவை வைத்துவிட்டேன். இரண்டு வருஷமாக நான் அந்த அக்காவின் கண்ணையும் புடவையையும் பார்த்துப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டதெல்லாம் வீண். ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். அதற்கு அவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த லீவு நாளில் போனேன். கதவைத் தட்டியபோது ஒரு நிமிஷம், ட்ரான்ஸ்பர் ஆகிப் போயிருக்கட்டும் கடவுளே என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவரேதான் திறந்தார்.

"அட, பல்லாஸ்பத்திரிச் சாமியா? வா வா, ஏன் வெயில்ல நிக்கற? மூஞ்சி என்ன இப்படிப் பேயறஞ்ச மாதிரி இருக்குது?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். குடித்தால் சொல்லாமல் போய்விடுவேன் என்று தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, உங்களுக்குப் பல்லு புடுங்குன கொறடு அன்னைக்குச் சரியா வேகலீங்க. கரண்டு போயிருச்சு. நான் பாக்காம எடுத்துக் குடுத்துட்டேன். அதுக்கு முன்னாடி அதுல பல்லு எடுத்தவருக்கு மஞ்சக்காமாலை வந்திருந்துதுங்க."

பர்ஸிலிருந்து கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"தெரியும் சாமி" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"காமாலைக் கதை தெரியாது. கொறடு வேகலைன்னு தெரியும். என்ற கழுத்துல ஒரு பேப்பர்த் துணி கட்டுனயே, அதுல கொறட்டுலருந்து ரெண்டு சொட்டுத் தண்ணி உழுந்துச்சு. நீ ஓடிப் போயித் தெறந்தயே அந்த ஆவி மெஷினு, அதுல வெந்து காஞ்சது எப்படிச் சொட்டும்? இருவது வருசமாச் சோறாக்கறேன், வெந்தது வேகாதது எனக்குத் தெரியாதா?"

"அப்பவே கேட்டிருக்கலாமேங்க்கா."

"எப்படிக் கேக்கறது? நீ ஒருத்தியே அங்கயும் இங்கயும் ஓடிட்டுக் கெடந்த. அந்த மனுசன் வேற உன்னையக் கத்திட்டே இருந்தாரு. நானும் ஒரு வார்த்தை கேட்டா உன்ற வேலை போயிருமோன்னு நெனச்சேன். வாயும் மரத்துக் கெடந்துச்சு. அப்பறமேட்டுக்குக் கேட்டுக்கலாம்னு உட்டுட்டேன். தையல் பிரிக்க வந்தப்ப நீ கண்ணத் தெறந்து பாத்த பாரு, அன்னைக்குத்தான் எனக்கு என்னமோ ஒட்டிக்கிச்சோன்னு பயமே வந்துச்சு."

அவர் எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளரோடு வந்தார். எவர்சில்வர் டம்ளர், கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. "இது என்ற டம்ளர். தட்டும் தனி. பசங்க கேட்டா வேண்டுதல்னு சொல்லியிருக்கறேன். சின்னவனுக்கு என்ற தட்டுல ஒரு வாய் ஊட்டி ரெண்டு வருசமாச்சு. ஊட்டுக்காரருக்கு எதும் சொல்லல. சொன்னா அங்க வந்து ரகள பண்ணுவாரு, கடைசில உன்னையத்தான் தொரத்துவாங்க."

டம்ளரில் குடித்தால் அது தொற்றாது என்று எனக்குத் தெரியும். பாடத்தில் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை நான் வந்து வாயைத் திறந்திருந்தால் அந்தப் பையன் இரண்டு வருஷமும் அவர் தட்டில் சாப்பிட்டிருப்பான். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்காகப் பேசாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் முறத்தை இழுத்து மீதிப் பூண்டையும் உரித்து முடித்தார். பிறகு, "எந்திரி, எங்க போயி ரத்தம் குடுக்கோணும், கூட்டிட்டுப் போ" என்றார்.

ரயில்வே ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்றார். ஜங்ஷன் ரோட்டில் ஒரு லேபுக்குப் போனோம். ரத்தம் எடுத்தவள் இருபது வயதுகூட ஆகாத பெண். "ஊசிக் கவர என்ற கண்ணு முன்னால பிரி சாமி" என்றார் அக்கா. அந்தப் பெண் பிரித்துக் காட்டினாள். தனக்கு எடுத்து முடித்ததும் அக்கா என்னைக் காட்டி, "இவளுக்கும் எடு. ரத்தத்துலயே கைய உட்டவ, எல்லா ஊசியும் போட்டிருப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கையில்ல" என்றார். நானும் கையை நீட்டினேன். "உனக்கு எத்தனை குடுக்கறாங்க இங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள், "அத மட்டும் கேக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

மறுநாள் மதியம் ரிசல்ட் வாங்கப் போனோம். கவுண்ட்டரில் நான் காகிதத்தை வாங்கியதும் அக்கா பிடுங்கிக்கொண்டார். இங்கிலீஷில் இருந்ததால் திரும்ப என்னிடமே கொடுத்தார். படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. "ஒன்னுமில்லீங்க்கா" என்றேன். அவர் அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடி நின்றார்.

பிறகு பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு காபி சொன்னார். தன் காபியைக் குடித்து முடித்துவிட்டு, என் டம்ளரைக் கையிலிருந்து வாங்கி, அதில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மீதியை நான் குடித்தேன். "இன்னிக்குச் சின்னவனுக்கு நான்தான் ஊட்டப் போறேன். வேண்டாங்கற வயசாயிருச்சு, இருந்தாலும் உட மாட்டேன்" என்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் அவர் கண்ணைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன்.

பஸ் வருவது தெரிந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் கேட்டார்.

"அன்னைக்கு ஒரு நாளுதான சாமி, அந்த மாதிரி ஆனது?"

"ஆமாங்க்கா, அன்னைக்கு மட்டுந்தான்" என்றேன்.

என் தோளைத் தட்டிவிட்டு பஸ் ஏறிப் போனார். நான் அந்த ஐந்து மாதத்தையும் நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எத்தனை தடவை கரண்ட் போனது, எத்தனை தடவை நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எத்தனை கவரை வருகிற வழியிலேயே பார்க்காமல் கிழித்தேன் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பை கிழிந்ததால்தான் அந்த ஒரு கவர் என் கைக்கு வந்தது. மற்ற நாட்களில் பை கிழியவில்லை. இறுக்கிக் கட்டி, குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.